பீட்டில்ஸுக்கு அடுத்து மேடைக்கு வந்தவர்

பீட்டில்ஸ்ங்கிற இங்கிலாந்து ராக் பேண்ட பத்தி கொஞ்சமாச்சும் படிச்சவங்களுக்கு 1964 பிப்ரவரி 9ங்கிற தேதி தெரிஞ்சிருக்கும். ஞாயித்துக்கிழமை ராத்திரி எட்டு மணி, நியூயார்க் பிராட்வேல சிபிஎஸ் டிவியோட ஸ்டுடியோ 50, எட் சல்லிவன் ஷோ. நாலு பசங்க டை கட்டிக்கிட்டு வந்து நின்னு பாடுறாங்க, கீழ உக்காந்திருக்கிற பொண்ணுங்க முடியப் பிச்சுக்கிட்டு கத்துதுங்க, வீட்ல டிவி முன்னாடி 7 கோடியே 30 லட்சம் பேர். அந்த க்ளிப்ப நெட்ல பாக்காதவங்க கம்மி. ஆனா நான் இங்க பேச வந்தது அந்த க்ளிப் எங்க கட் ஆகுதோ அதுக்கு அப்புறம் என்ன நடந்துச்சுங்கிறத.

ஏன்னா அந்த ஷோ ஒரு மணி நேரம். பீட்டில்ஸ் பாடினது அஞ்சே அஞ்சு பாட்டு, மொதல்ல மூணு, கடைசிப் பக்கம் ரெண்டு, எல்லாமே சின்னச் சின்னப் பாட்டு. விளம்பரம் போக மிச்ச நேரத்துல யாரெல்லாம் வந்தாங்கன்னு கேட்டீங்கன்னா பழுத்த ரசிகர்களே முழிப்பாங்க. ஒரு மேஜிக்காரர் வந்தார். பிராட்வேல ஓடிக்கிட்டிருந்த ஆலிவர் மியூசிக்கல் நாடகத்தோட கோஷ்டி வந்துச்சு. ஒரு மிமிக்ரி ஆர்ட்டிஸ்ட் வந்தார். கையில குட்டி பாஞ்சோவோட ஒரு வெல்ஷ் அம்மா வந்து பாடினாங்க. புருஷன் பொண்டாட்டி காமெடி ஜோடி ஒண்ணு. எல்லாம் முடிஞ்சு கடைசியில சர்க்கஸ் வித்தை.

அந்த ஒரு மணி நேரம் முழுசா இருக்கு. ஆண்ட்ரூ சோல்ட்டுங்கிற டாக்குமெண்டரிக்காரர் 1990ல சல்லிவன் குடும்பத்துக்கிட்டேந்து மொத்த ஷோவோட உரிமையையும் வாங்கினார், அவரோட கம்பெனி பிறகு பீட்டில்ஸ் வந்த நாலு எபிசோடையும் அன்னிக்கு ஓடின விளம்பரத்தோட சேத்து டிவிடியா போட்டுச்சு. எனக்கு அது ஒரு ஃப்ரெண்டு மூலமா கைக்கு வந்துச்சு. பாட்டை மட்டும் பாத்துட்டு வச்சிரலாம்னுதான் போட்டேன், ஆனா என்னை பிடிச்சு உக்கார வச்சது பாட்டு இல்ல. மேஜிக், காமெடி, ராக் மூணும் ஒரே ராத்திரி, ஒரே மேடை, ஒரே டேப்பு, அப்படி இருந்தும் அந்த டேப்பு மூணு பேரையும் மூணு விதமா நடத்தியிருக்கு. ஒருத்தர வாழ வச்சிருக்கு, ஒருத்தர மறைச்சிருக்கு, ஒரு ஜோடிய கிட்டத்தட்ட கொன்னிருக்கு.

மொதல்ல இந்த சல்லிவன் யாருன்னு சொல்லிடணும். அவருக்கு பாட வராது, ஆட வராது, ஜோக் சொல்ல சுத்தமா வராது. பேப்பர்ல பத்தி எழுதிக்கிட்டிருந்த ஆளு. கழுத்து சுளுக்கிக்கிட்ட மாதிரி வெறைப்பா நின்னு அடுத்து யார் வர்றாங்கன்னு சொல்லிட்டு போயிடுவார், அவ்ளோதான் அவர் வேலை, அதையே 1948லேந்து 1971 வரைக்கும் ஞாயித்துக்கிழமை தவறாம பண்ணினார். வீட்ல ஒரே ஒரு டிவி, அத தாத்தாவும் பாக்கணும் பேரனும் பாக்கணும், அதனால ரெண்டு பேருக்கும் கொஞ்சம் கொஞ்சம் போடுன்னு ஒரு கணக்கு. ஓபரா பாடகிக்கு பக்கத்துலயே தட்டு சுத்துறவர் வருவார். பழைய வாட்வில் கொட்டகைகள்ல ஓடின பல்சுவை நிகழ்ச்சிய அப்படியே தூக்கி டிவிக்குள்ள வச்சதுதான்.

பீட்டில்ஸுக்கு அவர் குடுத்தது மூணு நிகழ்ச்சிக்கும் சேத்து 10,000 டாலர். 1956ல எல்விஸ் பிரெஸ்லிக்கு இதே மூணு தடவைக்கு 50,000 டாலர் குடுத்தவர். மேனேஜர் பிரையன் எப்ஸ்டீன் பணத்த பத்தி பெருசா கவலைப்படல, எங்க பசங்க பேருதான் மேல வரணும்னு மட்டும் அடம் பிடிச்சு வாங்கிட்டார். 728 சீட்டு இருக்கிற தியேட்டருக்கு 50,000 பேர் டிக்கெட் கேட்டு எழுதியிருந்தாங்கன்னா அவர் கணக்கு சரிதான்னு வச்சுக்கோங்க.

சரி, அந்த டேப்ப காதால கேளுங்க, கண்ணால இல்ல. சவுண்டு படு மோசம். ஜான் லெனனோட மைக்கு ரொம்ப கம்மியா வச்சிருக்காங்க, அவர் பாடுறது பல இடத்துல கேக்கவே இல்ல. அவங்க டிரம்ஸ்காரர் ரிங்கோ இத பத்தி பின்னாடி ஒரு கதை சொல்லியிருக்கார், மத்தியானம் பூரா ரிகர்சல் பண்ணி, அத ரெக்கார்டு பண்ணி கேட்டு, கன்ட்ரோல் ரூம்ல இன்ஜினியர் கூட உக்காந்து எந்த குமிழி எங்க நிக்கணும்னு சாக்பீஸ்ல கோடு போட்டு வச்சிட்டு ப்ரேக் எடுக்கப் போனாங்களாம், திரும்பி வர்றதுக்குள்ள ரூம கூட்டித் தொடைக்க வந்தவங்க என்னடா இது மேஜையெல்லாம் கோடா இருக்கேன்னு சுத்தமா துடைச்சு வச்சிட்டாங்களாம். கதை உண்மையோ இல்லையோ, டேப்ப கேட்டா நம்பத் தோணும். அது போக ஜார்ஜ் ஹாரிசனுக்கு தொண்டை கட்டிக்கிட்டு முந்தின நாள் ரிகர்சலுக்கே வரல, அவர் எடத்துல அவங்களோட ரோட் மேனேஜர் நீல் ஆஸ்பினால நிக்க வச்சு கேமரா பாத்தாங்க. ரெண்டாவது பாட்டுல ஒவ்வொருத்தர் முகத்துக்கு கீழயும் பேர் போடுறாங்க, லெனன் முகம் வந்ததும் பேருக்கு அடியில இன்னொரு வரி, மன்னிக்கணும் பொண்ணுங்களா, இவருக்கு கல்யாணம் ஆயிடுச்சுன்னு.

இதெல்லாம் இருந்தும் அந்த டேப்புக்கு ஒண்ணும் ஆகல பாருங்க. சவுண்டு கெட்டுப்போனதும், பாட்ட முழுங்குற அந்தக் கத்தலும் சேந்துதான் அது இன்னிக்கும் உயிரோட இருக்கு. ராக்குக்கு அந்த சலுகை உண்டு. சுத்தமா ரெக்கார்டு ஆன ஸ்டுடியோ பாட்டு தனியா கடையில கிடைக்குது, அதனால டிவியில வந்தது கரகரன்னு இருந்தா அது குறையில்ல, சாட்சி.

மூணாவது பாட்டு முடியுது, தலைய குனிஞ்சு வணக்கம் சொல்றாங்க, விளம்பரம். அப்புறம் வர்றார் ஃப்ரெட் கேப்ஸ்.

இந்த பேர நம்ம ஊர்ல கேள்விப்பட்டவங்க மேஜிக் கத்துக்கிட்டவங்களா மட்டும்தான் இருப்பாங்க. நெதர்லாந்துல யூட்ரெக்ட்காரர், 1926ல பொறந்தவர், நிஜப் பேர் பிராம் பாங்கர்ஸ். மேஜிக்குக்கு உலகக்கோப்பை மாதிரி ஃபிஸ்ம்னு ஒரு போட்டி நடக்கும், அதுல கிராண்ட் ப்ரீங்கிற மொத பரிச 1950, 1955, 1961னு மூணு தடவ வாங்கினவர். வேற யாரும் மூணு தடவ வாங்கினதில்ல. அதாவது அந்த மேடையில அன்னிக்கு தன் தொழில்ல உலகத்துலயே உச்சத்துல இருந்த ஆளு யாருன்னு கேட்டா, பீட்டில்ஸ் கூட அப்போதான் அமெரிக்காவுல கால வைக்கிறாங்க, இவர் ஏற்கனவே உச்சியில இருக்கார். ஆனா 7 கோடி பேருக்கு அவர் யாரோ ஒரு மேஜிக்காரர், பசங்க திரும்பி வர்ற வரைக்கும் நேரம் ஓட்டுறவர்.

அவர் பண்றது ரொம்ப சின்ன விஷயம். பெட்டி இல்ல, புறா இல்ல, பொண்ண அறுக்கிறதெல்லாம் இல்ல. சீட்டுக்கட்ட வச்சு ஒரு வேலை காட்டுறார். அப்புறம் ஒரு உப்பு டப்பா, சாப்பாட்டு மேஜையில வைக்கிறது. மூடின கைக்குள்ள கொஞ்சம் உப்பு கொட்டுறார், கையத் திறந்தா உப்பு இல்ல. சரி போச்சுன்னு நெனைக்கும்போது இன்னொரு கையிலேந்து உப்பு மெலிசா கொட்ட ஆரம்பிக்குது. கொட்டுது. இன்னும் கொட்டுது. நின்னுடும்னு நெனைக்கிறோம், நிக்கல. இதுல வித்தை எங்க இருக்குன்னா உப்புல இல்ல, அவர் முகத்துல இருக்கு. ஜெயிச்ச ஆள் மாதிரி அவர் சிரிக்கிறதே இல்ல. இது எப்போ நிக்கும்னு எனக்கே தெரியலையேங்கிற மாதிரி ஒரு சங்கடம், சபையில வேட்டி அவுந்துட்டா ஒரு மனுஷன் எப்படி நிப்பானோ அந்த மூஞ்சி. மேஜிக்காரர் தன் மேஜிக்குகிட்டயே மாட்டிக்கிட்டார். அன்னிக்கு அந்த ஷோவுல வந்த நல்ல காமெடி இதுதான்னு நான் அடிச்சு சொல்வேன், அத காமெடிக்காரங்க பண்ணல.

என் தங்கச்சி பையன் ஒம்பதாவது படிக்கிறான், எதையும் நம்ப மாட்டான், அவன்கிட்ட இத போட்டு காமிச்சேன். மாமா இதெல்லாம் சும்மா, கேமரா வேலைன்னு சொல்லிட்டு ரிமோட்ட வாங்கி ஸ்லோவா ஓட விட்டான், பின்னாடி இழுத்தான், ஃப்ரீஸ் பண்ணினான், டிவிகிட்ட போய் மூக்க ஒட்டி வச்சுக்கிட்டு பாத்தான். ஒண்ணும் கிடைக்கல. நெட்ல தேடினா எப்படின்னு போட்டிருப்பாங்கன்னு சொன்னான், தேடாதடான்னு சொன்னேன், தேடியிருப்பான். எனக்கு அது முக்கியமில்ல, அறுபது வருஷம் முன்னாடி ஒருத்தர் கை அசைச்சத கருப்பு வெள்ளையில, நெனைச்ச எடத்துல நிறுத்திப் பாக்கிற வசதியோட பாத்தும் பிடிக்க முடியலங்கிறதுதான் முக்கியம். கேப்ஸ் இத பண்ணும்போது வீட்ல வீடியோ ரெக்கார்டர் கிடையாது, ஒரு தடவ போச்சுன்னா போச்சு, அப்போ ஏமாத்துறது சுலபம்தான். ஆனா அவர் கத்துக்கிட்டது ரெண்டு கஜ தூரத்துல உக்காந்திருக்கிற மத்த மேஜிக்காரங்க முன்னாடி, அவங்க கண்ண விட ரிமோட் ஒண்ணும் பெருசில்ல.

டேப்புக்கும் மேஜிக்குக்கும் ஆதியிலேந்தே ஆகாது. அமெரிக்கன் டிவியில வாரா வாரம் வந்த மேஜிக் சீரியல் 1960ல சிபிஎஸ்லயே ஆரம்பிச்சுது, மார்க் வில்சன்ங்கிறவர் பண்ணினது. அத டேப் பண்ணித்தான் ஒளிபரப்பினாங்க, டேப்புன்னா வெட்டலாம் ஒட்டலாம்னு ஜனங்களுக்கு அப்பவே தெரியும், அதனால அவரா சில கண்டிஷன் போட்டுக்கிட்டார். எதிர்ல நிஜ ஆடியன்ஸ் இருக்கணும், வித்தை நடக்கும்போது கேமரா வேற பக்கம் திரும்பக் கூடாது. 1975 டிசம்பர்ல டக் ஹென்னிங் என்பிசியில வந்தப்போ ஒரு படி மேல போய் மொத்தத்தையும் லைவாவே பண்ணினார், அந்தக் காலத்துல கட்டு, பூட்டுலேந்து தப்பிக்கிற வித்தைக்கு பேர் போன ஹூடினியோட, தண்ணித் தொட்டிக்குள்ள தலைகீழா தொங்குற அயிட்டம் உள்பட. கேமரா தந்திரம் கிடையாதுன்னு சத்தியம் பண்ணாம டிவியில எந்த மேஜிக்காரராலயும் பொழைக்க முடியல. பாட்டுக்காரங்கள யாரும் அப்படி கேக்கிறதில்ல. வாயசைச்சா கூட மன்னிச்சிடுறோம்.

இப்போ வேடிக்கைய கேளுங்க. நிஜமாவே லைவா போன அந்த ஷோவுல, பீட்டில்ஸுக்கு அடுத்து வந்த அந்த ஆக்ட் மட்டும் லைவ் இல்ல. முன்னாடியே டேப் பண்ணி வச்சது. பசங்க பாடி முடிச்சதும் அந்த ஹால்ல இருக்கப்போற கூச்சல்ல வேற யாராலயும் நின்னு ஒண்ணும் பண்ண முடியாதுன்னு தெரிஞ்சு பண்ணின ஏற்பாடு. அமெரிக்கால பாதி பேர் அது அந்த நிமிஷம் நடக்குதுன்னு நெனைச்சுக்கிட்டுத்தான் பாத்திருப்பாங்க. அதனாலதான் கேப்ஸ் தப்பிச்சார். நீங்க சேத்து வச்சுப் பாத்தா தெரியும், ஒரு நிமிஷம் முன்னாடி அலறல், அடுத்து பாத்தா ஒருத்தர் அமைதியா உப்பு கொட்டிக்கிட்டிருக்கார், கூட்டமும் ஒழுங்கா சிரிக்குது.

இத விட பெரிய தில்லாலங்கடி ஒண்ணு அன்னிக்கு மத்தியானமே நடந்து முடிஞ்சிருந்துச்சு. ஒப்பந்தப்படி மூணு ஞாயிறு வரணும் இல்லையா, 9ம் தேதி நியூயார்க், 16ம் தேதி மயாமி பீச்ல ஒரு ஹோட்டல்லேந்து, மூணாவது 23ம் தேதி. அந்த மூணாவதத்தான் மொதல்ல எடுத்தாங்க. 9ம் தேதி ராத்திரி லைவுக்கு முன்னாடி, மத்தியானம், வேற ஒரு ஆடியன்ஸ உக்கார வச்சு, மூணு பாட்டு பாடி டேப் பண்ணி வச்சிட்டாங்க. 23ம் தேதி ராத்திரி ஜனங்க அத பாத்து கத்திக்கிட்டிருந்தப்போ பசங்க 22ம் தேதியே லண்டன் போய் சேந்தாச்சு. ஆளே இல்லாத மேடையில ஆள் தெரியிறது. இதுக்கு மேல என்ன மேஜிக் வேணும்.

காமெடிக்கு வருவோம். இதுதான் எனக்கு மனச பிசையிற பகுதி.

மிட்சி மெக்கால், சார்லி ப்ரில். கல்யாணம் ஆன ஜோடி, கலிஃபோர்னியாலேந்து வந்த இளம் நகைச்சுவைக்காரங்க, சல்லிவன் ஷோவுல இடம் கிடைச்சா வாழ்க்கை செட்டில்னு இருந்த காலம். பீட்டில்ஸ்னு யாரோ வர்றாங்கன்னு கூட அவங்களுக்கு சரியா தெரியாது. தங்களோட பெஸ்ட் ஸ்கெட்ச்ச தேச்சு மெருகேத்தி கொண்டு வந்திருந்தாங்க. ரிகர்சல் முடிஞ்சதும் சல்லிவன் கூப்பிட்டு, இன்னிக்கு ஹால்ல இருக்கப்போறது பதினாலு வயசு பொண்ணுங்க, நீங்க பண்றது அவங்களுக்கு புரியாது, மாத்துங்கன்னு சொல்லிட்டார். ஷோவுக்கு சில மணி நேரம்தான் இருக்கு. இருக்கிற அயிட்டத்த எல்லாம் பிரிச்சு, இங்க ஒரு துண்டு அங்க ஒரு துண்டுன்னு ஒட்டுப் போட்டு ஒரு புது ஸ்கெட்ச் தயார் பண்ணினாங்க. ஒரு தயாரிப்பாளர் ஆபீஸ், நடிக்க சான்ஸ் கேட்டு வர ஒவ்வொரு பொண்ணாவும் மிட்சியே வேஷம் மாத்தி மாத்தி வர்றாங்க.

அத பாத்தீங்கன்னா, அவங்க மோசமா பண்ணல. டைமிங் இருக்கு, குரல் மாத்துறது இருக்கு. எதிர்ல ஆள் இல்ல, அவ்ளோதான். அதாவது ஆள் இருக்காங்க, மனசு அங்க இல்ல. இவங்களுக்கு அடுத்து பீட்டில்ஸ் ரெண்டாவது ரவுண்டு வரணும், நீ எப்போ எந்திரிச்சு போவங்கிற மாதிரிதான் மொத்த ஹாலும் உக்காந்திருக்கு. நடுவுல ஒரு இடத்துல பீட்டில்ஸ்னா வண்டுங்கிறத வச்சு, என் பொண்ணும் அதுல ஒருத்தியாத்தான் இருந்தா, யாரோ மிதிச்சுட்டாங்கங்கிற மாதிரி ஒரு வரி போட்டு பாக்குறாங்க, அதுக்கு மட்டும் சிரிப்பு வருது. அந்த சிரிப்பு கூட அந்த பேருக்கு விழுந்தது, ஜோக்குக்கு விழுந்ததில்ல. ஒரு ஜோக் சொல்லிட்டு சிரிப்புக்காக விடுற அந்த அரை செகண்டு இருக்கே, அதுல சிரிப்பு வரலன்னா அடுத்த வரிய எடுக்கணும், அப்படி எடுக்கும்போது மிட்சியோட குரல் கொஞ்சம் கொஞ்சமா வேகம் கூடுறத நீங்க கேக்கலாம். சீக்கிரம் முடிச்சிட்டு ஓடிடணும்னு தோணினா வர்ற வேகம். கல்லூரி விழாவுல மேடை ஏறி கூட்டத்துக்கிட்ட மாட்டினவங்களுக்கு அது புரியும்.

அந்த டேப்ப அவங்க ரெண்டு பேரும் பல வருஷம் பாக்கவே இல்லையாம். எப்படி பாப்பாங்க. உலகத்துல மறக்க முடியாத டிவி நிகழ்ச்சின்னு வருஷா வருஷம் கொண்டாடுறாங்க, அதுக்கு நடுவுல தங்களோட தோல்வி பத்திரமா ஒட்டி வச்சிருக்கு. மத்த காமெடிக்காரங்களுக்கும் இப்படி ராத்திரிகள் வந்திருக்கும், ஒரு கிளப்புல சொதப்பினா அந்த முப்பது பேரோட முடிஞ்சு போச்சு. இவங்களுக்கு 7 கோடி, அது போக இன்னிக்கு நானும்.

பதிவு ஆன காமெடியோட சிக்கலே இதுதான், அது அன்னிக்கு அந்த ரூம்ல இருந்தவங்க கையில மாட்டிக்கிது. ஜோக் அப்படியே இருக்கும், சிரிச்சவங்க சரியில்லன்னா ஜோக் செத்துரும். அமெரிக்கன் டிவிக்காரங்களுக்கு இது நல்லாவே தெரியும், அதனாலதான் சார்லி டக்ளஸ்னு ஒரு சவுண்டு இன்ஜினியர் சிரிப்புக்குன்னே ஒரு மெஷின் செஞ்சு வச்சிருந்தார், டைப்ரைட்டர் மாதிரி கட்டை கட்டையா இருக்கும், ஒண்ண அமுக்கினா ஆம்பளை சிரிப்பு, இன்னொண்ண அமுக்கினா அம்மணிகள் கிக்கிக்கி, உள்ள டேப்பு சுத்திக்கிட்டிருக்கும். அந்தப் பெட்டிய யாருக்கும் தொறந்து காட்ட மாட்டார், மேஜிக்காரங்க கெட்டாங்க போங்க. மேஷ்னு கொரியப் போர் ஆஸ்பத்திரிய வச்சு ஒரு காமெடி சீரியல், அமெரிக்காவுல அத சிரிப்பு சேத்துத்தான் போட்டாங்க, ஆபரேஷன் தியேட்டர் சீன்ல மட்டும் சிரிப்பு வேண்டாம்னு எடுத்தவங்க சண்டை போட்டு வாங்கினாங்க. பிபிசி சிரிப்பே இல்லாம ஒளிபரப்பினாங்க. ரெண்டையும் பாத்தா ரெண்டு வேற வேற சீரியல். எனக்கு சிரிப்பு இல்லாததுதான் பிடிக்கும், எங்க வீட்ல மத்தவங்களுக்கு அது போரு.

சிரிப்பு தப்பான எடத்துல பதிவாகுறதும் உண்டு. டாமி கூப்பர்னு பிரிட்டன்ல ஒருத்தர், தலையில சிவப்புத் தொப்பி, மேஜிக் பண்றேன்னு வந்து எல்லாத்தையும் சொதப்பியே சிரிக்க வைப்பார், சொதப்பணும்னா எவ்ளோ நல்லா மேஜிக் தெரிஞ்சிருக்கணும்னு யோசிங்க. 1984 ஏப்ரல் 15, லண்டன் ஹெர் மெஜெஸ்டிஸ் தியேட்டர்லேந்து லைவ் ஷோ, பெரிய அங்கி ஒண்ண மாட்டிவிட்டாங்க, அவர் அப்படியே திரைக்கு முன்னாடி சரிஞ்சு உக்காந்தார். ஹார்ட் அட்டாக். கூட்டம் சிரிச்சுது, இதுவும் அயிட்டம்னு நெனைச்சு. வாழ்நாள் பூரா அவரே பழக்கி விட்ட சிரிப்பு அது. அந்த க்ளிப் நெட்ல இருக்கு, நான் பாக்கல, பாக்கவும் போறதில்ல. யாராச்சும் அனுப்பினா ப்ளாக் பண்ணிடுவேன்.

ராக் பாட்டுக்கு வந்தா கதையே வேற, பின்னாடி உக்காந்து சரி பண்ணிக்கலாம். அதே பீட்டில்ஸ் 1964லயும் 1965லயும் லாஸ் ஏஞ்சலஸ் ஹாலிவுட் பவுல்ல பாடினத ரெக்கார்டு பண்ணினாங்க, கூட்டம் கத்தினதுல பாட்டே அமுங்கிப் போச்சுன்னு அத வெளியிடாமலே வச்சிருந்தாங்க. 1977லதான் அவங்களோட ரெக்கார்டு தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் தூசி தட்டி எல்பியா கொண்டு வந்தார். 2016ல அவர் பையன் ஜைல்ஸ் மார்ட்டின் திரும்ப எடுத்து, கத்தல் தனி பாட்டு தனின்னு கம்ப்யூட்டர்ல பிரிச்சு, டிரம்ஸும் பேஸும் எழும்பி வர்ற மாதிரி பண்ணிட்டார். நல்லாத்தான் இருக்கு, ஆனா நான் திரும்பத் திரும்ப போடுறது பழசத்தான். இந்த மாதிரி கேப்ஸோட உப்ப கம்ப்யூட்டர்ல சரி பண்ண முடியுமா? தொட்டா செத்துது. மிட்சி ஜோக்குக்கு சிரிப்ப ஏத்தி விடலாம், ஆனா அது யாரோட சிரிப்பு.

இவ்ளோ பேசினாலும் இதெல்லாம் டேப்பு இருக்கிறதால பேசுறோம். அந்தக் காலத்துல ரெண்டு இன்ச் அகலத்துல வர்ற வீடியோ டேப்பு கொள்ளை விலை, ஒளிபரப்பு முடிஞ்சா அழிச்சிட்டு அதுலயே அடுத்தத எடுக்கிறதுதான் நடைமுறை. பிபிசி இதுல மன்னாதி மன்னன். பீட்டர் குக்கும் டட்லி மூரும் சேந்து பண்ணின காமெடி ஷோவ அழிக்கப் போறாங்கன்னு தெரிஞ்சு, நாங்களே காசு குடுத்து புது டேப்பு வாங்கித் தர்றோம், இத விட்டுடுங்கன்னு கேட்டுப் பாத்தாங்க, முடியாதுன்னு சொல்லிட்டாங்க. பிபிசியோட பாப் பாட்டு ஷோ டாப் ஆஃப் தி பாப்ஸ்ல பீட்டில்ஸ் லைவா வந்தது ஒரே ஒரு தடவ, 1966 ஜூன் 16, அதுவும் அழிஞ்சு போச்சு. 2019ல பாத்தா யாரோ ஒரு குடும்பம் அன்னிக்கு வீட்ல டிவி திரைய பாத்து 8 எம்எம் கேமராவுல எடுத்தது வெளிய வந்துச்சு, 11 செகண்டு, சத்தம் கிடையாது. அந்த 11 செகண்டுக்கு உலகமே குதிச்சுது. அமெரிக்கா மட்டும் யோக்கியமான்னா இல்ல, ஜானி கார்சனோட டுநைட் ஷோ மொத பத்து வருஷம் பெரும்பாலும் போச்சு, 1968 மே மாசம் லெனனும் மெக்கார்ட்னியும் வந்து உக்காந்து பேசினது உள்பட. சல்லிவன் ஷோ தப்பிச்சதுல அந்த மேஜிக்காரரும், அந்த ஜோடியும், விளம்பரத்துல வர்ற அனாசின் மாத்திரையும் கூடவே தப்பிச்சிருக்கு. ஆமா நம்ம தாத்தா பாட்டி தலைவலிக்கு போட்ட அதே அனாசின்தான், அத்தனை கத்தலுக்கு நடுவுல அத பாக்கும்போது சிரிப்பு அடக்க முடியல.

மிச்ச ஆளுங்கள சுருக்கமா சொல்லிடுறேன். மிமிக்ரி பண்ணின ஃபிராங்க் கோர்ஷின் ரெண்டு வருஷம் கழிச்சு பேட்மேன் சீரியல்ல ரிட்லர்ங்கிற வில்லனா வந்து பெரிய ஆளாயிட்டார். ஆலிவர் கோஷ்டியில பாடின சின்னப் பையன் பேர் டேவி ஜோன்ஸ், பக்கத்துல நின்னு பீட்டில்ஸுக்கு பொண்ணுங்க கத்துறத பாத்துட்டு எனக்கும் இது வேணும்னு தோணுச்சுன்னு சொல்லியிருக்கார், 1966ல மங்கீஸ்னு டிவிக்காகவே உண்டாக்கின பேண்டுல சேந்து அதே கத்தல வாங்கிட்டார். வெல்ஷ் அம்மா டெஸ்ஸி ஓஷே, கவலையே படாம சத்தமா பாடிட்டு போறாங்க, அந்த வருஷம் பிராட்வே நாடகத்துக்கு குடுக்கிற டோனி அவார்டு வாங்கினாங்க. சார்லி ப்ரில்லுக்கு நடந்ததுதான் எனக்கு ரொம்ப பிடிச்சது. 1967ல ஸ்டார் ட்ரெக்ங்கிற விண்வெளி சீரியல்ல ஒரு எபிசோடு, ஆர்ன் டார்வின்னு மாறுவேஷத்துல இருக்கிற ஒற்றன் வேஷம், சின்ன வேஷம். 1996ல அதே ஸ்டார் ட்ரெக்கோட புது சீரியல்காரங்க அந்த பழைய எபிசோடோட ஃபிலிம எடுத்து, அதுக்குள்ள புது நடிகர்கள கம்ப்யூட்டர்ல நுழைச்சு ஒரு கதை பண்ணினாங்க, அதுல வயசான ஆர்ன் டார்வினா நடிக்க ப்ரில்லயே கூப்பிட்டாங்க. ஒரே எபிசோடுல இளசாவும் கிழமாவும் வர்றார், ரெண்டும் அவரே. மிட்சியும் அவரும் கடைசி வரைக்கும் சேந்தே இருந்தாங்க, வேலையும் நிக்கல.

அப்புறம் அந்த சர்க்கஸ். வெல்ஸ் அண்ட் த ஃபோர் ஃபேஸ்னு பேர். பீட்டில்ஸ் ரெண்டாவது தடவையும் பாடி முடிச்சு போனதுக்கு அப்புறம் வர்றாங்க, அந்த ராத்திரியிலயே மோசமான சீட்டு அவங்களுக்குத்தான் விழுந்துச்சு. உடம்ப வளைக்கிறாங்க, குட்டிக்கரணம் போடுறாங்க, நல்லாத்தான் பண்றாங்க. என் தங்கச்சி பையன் அதுக்குள்ள ரிமோட்ட எடுத்து நிறுத்தப் போனான், வச்சிட்டு உக்காருடான்னு ஒரு சத்தம் போட்டேன், முழுசா பாத்துட்டுத்தான் எந்திரிச்சான்.